நீலச் செருப்பு

ஏற்காடு,
4 ஜூன் 2023

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள அக்கா இன்பராணிக்கு, உன் தங்கை ஸ்டெல்லா எழுதிக்கொள்வது. நான் சுகம். நீயும் அத்தானும் மெர்சிக்குட்டியும் சுகமா?

நேற்று எங்கள் போன்களையெல்லாம் மடத்துத் தலைவி மதர் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். சிஸ்டர் ஆவதற்கு முன் நவகன்னியாக இருக்கும் இந்த ஒரு வருஷமும் போன் கிடையாது. அடுத்த மே மாதம், கடவுளுக்கு என்னைக் கொடுப்பதாக வார்த்தைப்பாடு சொல்லிச் சிஸ்டரான பிறகுதான். அதுவரை மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதலாம், அவ்வளவுதான். எனக்கும் பள்ளிக்கூடம் விட்டு இவ்வளவு நீளமாக எழுதிப் பல நாள் ஆயிற்று. கை வலிக்கிறது.

இங்கே குளிர் எலும்புக்குள் போகிறது. கம்பளிச் சாக்ஸைப் போட்டுக்கொண்டுதான் படுக்கிறேன். சாக்ஸை மாட்டும்போதெல்லாம் உன் ஞாபகம் வருகிறது. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் என்னை ஏற்றிவிட வந்தபோது அந்தத் தார்ச் சூட்டில் சேலையைத் தரையில் புரளவிட்டு வெறுங்காலோடு நின்றாய். கேட்டதற்கு, "வார் அந்துபோச்சுடி, புதுசு வாங்கணும்" என்றாய். போன விடுமுறைக்கு வந்தபோதும் இதே வார்தான் அறுந்திருந்தது. அதற்கு முந்தின விடுமுறையிலும் அதேதான். ஒரு செருப்பின் வார் எத்தனை வருஷம் அறுந்தே கிடக்கும்? முதலில் போய் ஒரு ஜோடி வாங்கு.

அம்மா அப்பா போன பிறகு என்னைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள் நீ. இப்போது நான் உன்னை அதட்ட வேண்டியிருக்கிறது பார்.

உன் பிரியமுள்ள
ஸ்டெல்லா


திருச்சுழி,
2 ஜூலை 2023

அன்புள்ள சிஸ்டரம்மாவுக்கு (இப்போதிருந்தே பழகிக்கொள்கிறேன்), அக்கா எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் நல்ல சுகம். உன் சுகத்துக்கு அந்தோணியாரைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

மழை இல்லை. கண்மாய்க்குள் கருவேலம் வெட்டும் குத்தகையை இந்த வருஷம் மருதுபாண்டி அண்ணன் எடுத்திருக்கிறார். அங்கேயே விறகை அடுக்கி மண் பூசி மூட்டம் போட்டு, எரித்துக் கரியாக்கி, லோடு ஏற்றுகிறார்கள். நானும் பத்துப் பெண்களோடு போகிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மெர்சி என்னைப் பார்த்து, "அம்மா, பல்லு மட்டும் தெரியுது" என்கிறாள். உன் அத்தான் குட்டியானை வண்டியில் காரியாபட்டிக்கும் பாளையம்பட்டிக்கும் லோடு அடிக்கிறார்.

செருப்பு வாங்கிவிட்டேன். நீல நிறம். அருப்புக்கோட்டையில் வாங்கினேன். போதுமா?

மெர்சி உனக்காக எங்கள் மூன்று பேரையும் படம் வரைந்திருக்கிறாள். உள்ளே வைத்திருக்கிறேன். குளிரில் கவனமாக இரு. நன்றாகச் சாப்பிடு. ஜெபத்தில் தூங்கி விழாதே, சின்ன வயதிலேயே உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

அக்கா
இன்பராணி


ஏற்காடு,
6 ஆகஸ்ட் 2023

அன்புள்ள அக்கா,

சுகம், சுகமறிய ஆவல். நீலச் செருப்புக்கு அந்தோணியாருக்கு நன்றி.

மெர்சியின் படத்தை என் கட்டில் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். கூட இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். அத்தானுக்கு மீசை அவர் வண்டியைவிடப் பெரிது. உனக்கு ஒரு கால் ஒல்லியாகவும் இன்னொரு கால் பானை மாதிரியும் இருக்கிறது. விழுந்து விழுந்து சிரித்தோம். "உங்க அக்கா ஒத்தக் கால்ல மட்டும் பூட்ஸ் போடுவாகளா?" என்று ஒருத்தி கேட்டாள். மெர்சிக்கு என் முத்தம்.

உன் பிரியமுள்ள
ஸ்டெல்லா


திருச்சுழி,
10 செப்டம்பர் 2023

அன்புள்ள தங்கைக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதம் வந்து பல நாள் ஆகிறது. பதில் எழுத நேரமில்லை, கோபித்துக்கொள்ளாதே.

பிள்ளைக்கு வரைய வராது. கை கோணிப்போய்விட்டது. அந்தப் படத்தைக் கிழித்துப் போட்டுவிடு, வேறு வரைந்து அனுப்பச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு இப்போது போக முடிவதில்லை. மூட்டம் எரியும்போது யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும், மண்பூச்சு வெடித்துத் தீப்பிடித்தால் எல்லாம் சாம்பலாகிவிடும். வீட்டிலேயே செபமாலை சொல்லிக்கொள்கிறேன்.

சோலையம்மாள் அக்காவை உனக்கு ஞாபகம் இருக்கும், முள் குத்திக் காலை எடுத்தார்களே, அவர்தான். இப்போது கட்டையை ஊன்றிக்கொண்டு மூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தபடியே கரி சலிக்கிறார். என்னைப் பார்த்தால் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அவருக்கு என்மேல் அவ்வளவு பாசம்.

நீ நன்றாக இருக்க வேண்டும். மற்றது எதைப் பற்றியும் யோசிக்காதே.

அக்கா


திருச்சுழி,
20 அக்டோபர் 2023

அன்புள்ள கொழுந்தியாவுக்கு, தாவீதுராஜ் எழுதுவது. நலம் என்று எழுதினால் பொய்.

எனக்குக் கடிதம் எழுதத் தெரியாது. அதனால் நேரே சொல்கிறேன். உன் அக்காவுக்கு வலது கால் ஒரு வருஷமாக வீங்கிக்கொண்டே வருகிறது. மெர்சி படத்தில் வரைந்தது சரிதான். போன வருஷம் கருவேல முள் பாதத்தில் ஏறி ஒடிந்துபோனது. நம் ஊர் கஸ்தூரி நர்ஸ் பாதியை எடுத்தது, மீதி உள்ளே நின்றுவிட்டது என்று உன் அக்கா சொல்கிறாள். பிறகு மேலே சின்னச் சின்னதாய் நாலைந்து ஓட்டை விழுந்து, சீழும் சலமும் வந்து, அதோடு ரவை மாதிரி மஞ்சளாய்ப் பொடி வருகிறது. அது முள் கரைந்து வருவதாம். "முள்ளு பொடிப்பொடியா வந்துக்கிட்டு இருக்கு, பூராம் வந்துட்டா வீக்கம் வத்திரும்" என்று ஒவ்வொன்றையும் துடைத்துத் தீப்பெட்டியில் சேர்த்து வைக்கிறாள். ஒன்று வந்தால் அன்றைக்கு முகத்தில் ஒரு சந்தோஷம். வலி இல்லை. வலி இருந்திருந்தால் எப்போதோ தூக்கிக்கொண்டு போயிருப்பேன்.

பச்சிலை வைத்தோம். காரியாபட்டிப் பக்கம் ஒருவரிடம் சூடு போட்டோம். பாளையம்பட்டியில் மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்கினோம். மதுரைக்குக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறாள். ஊரில் பெருவியாதி, அதாவது குஷ்டம், என்று பேச்சு கிளம்பிவிட்டது. மூட்டத்தில் இவள் தண்ணீர் குடித்த செம்பைத் தனியாக வைக்கிறார்கள். மெர்சியைப் பக்கத்து வீட்டில் விளையாடக் கூப்பிடுவதில்லை. அதனால்தான் கோவிலுக்கும் போவதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே வைத்து அதே பெயரைச் சொல்லிவிடுவார்கள் என்று பயப்படுகிறாள்.

இன்னொன்று. செருப்பு வாங்கியதாக அவள் உனக்கு எழுதியது பொய்யென்று எனக்குத் தெரியும். நானே வாங்கிக் கொடுத்தேன், போடமாட்டேன் என்கிறாள். ஏனென்று கேட்டால் வாயைத் திறப்பதில்லை. நீ கேட்டால் சொல்வாள். நான் எழுதியதைச் சொல்லாதே என்று எழுத நினைத்தேன். சொன்னாலும் பரவாயில்லை.

இப்படிக்கு
தாவீதுராஜ்


ஏற்காடு,
29 அக்டோபர் 2023

என் அக்காவுக்கு,

இது முதல் ஞாயிறு அல்ல. மதரிடம் தனியாக அனுமதி வாங்கி எழுதுகிறேன். சுகமா என்று கேட்கவில்லை. நீ பொய் சொல்வாய்.

அத்தான் எல்லாவற்றையும் எழுதிவிட்டார். அவரைத் திட்டாதே. அந்தப் படத்தைப் பார்த்து நான் சிரித்தேனே, அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளை உண்மையை வரைந்து அனுப்பியிருக்கிறாள். படித்த சித்தி அதைச் சுவரில் ஒட்டிச் சிரித்திருக்கிறேன்.

எங்கள் மருந்தகத்தில் நாற்பது வருஷம் நர்ஸாக இருந்த வயதான சிஸ்டர் ஒருவர் இருக்கிறார். அத்தானின் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். "ஓட்டை, ரவை மாதிரி மஞ்சள் பொடி, வலி இல்லை" என்ற இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அக்கா, கேள்: இது பெருவியாதி இல்லை. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டவே ஒட்டாது. உன் செம்பில் ஊரே தண்ணீர் குடிக்கலாம். மெர்சியை மடியில் வைத்துக் கொஞ்சலாம். மண்ணில் இருக்கும் ஒரு கிருமி முள்ளோடு சேர்ந்து உள்ளே போய்விடுகிறது. நீ தீப்பெட்டியில் சேர்ப்பது முள் இல்லை, அந்தக் கிருமியின் கூட்டம். அது வரவர நோய் குறையவில்லை, உள்ளே வளர்கிறது. எலும்புக்குப் போய்விட்டால் காலை எடுக்க வேண்டியதுதான். சோலையம்மாள் அக்காவுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும் என்கிறார் சிஸ்டர்.

இதன் பெயர் என்ன தெரியுமா? மதுரைக் கால். வெள்ளைக்காரன் காலத்தில் நம் மதுரையில் பார்த்து டாக்டர்கள் வைத்த பெயராம். உலகம் முழுக்கப் புத்தகத்தில் நம் ஊர்ப் பெயர் இருக்கிறது, நம் ஊரில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. "பணக்காரங்க காலுக்கு வந்திருந்தா இந்நேரம் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்மா, இது செருப்பு இல்லாத காலாப் பாத்து வருது" என்றார் சிஸ்டர்.

உடனே மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. தோல் டாக்டரைப் பார். இந்த மாதிரி மஞ்சளாக வந்தால் மருந்திலேயே குணமாக வாய்ப்பு அதிகமாம். ஆனால் ஒவ்வொரு வாரமும் முக்கியம்.

செருப்பு போடு. ஏன் போடமாட்டேன் என்கிறாய்? எனக்குப் பதில் வேண்டும்.

ஸ்டெல்லா


திருச்சுழி,
27 நவம்பர் 2023

அன்புள்ள தங்கைக்கு,

எல்லோரும் சுகம். நீ அழுதிருப்பாய் என்று கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது, மை ஊறியிருக்கிறது. அழாதே.

பெருவியாதி இல்லை என்று நீ எழுதியதை உன் அத்தான் மூட்டத்தில் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. சோலையம்மாள் அக்கா மட்டும் எழுந்து வந்து என் செம்பில் தண்ணீர் மொண்டு குடித்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இல்லை, போவேன். அங்கே சேர்ந்தால் செருப்பைப் போடு என்பார்கள், கட்டுப் போட்டுப் படுக்க வைப்பார்கள். கொஞ்சம் பொறுத்துப் போகிறேன். இவ்வளவு நாள் இருந்தாயிற்று. மே மாதம் வரைக்கும் செருப்பைப் பற்றி என்னிடம் கேட்காதே. அதற்கப்புறம் நீ சொல்வதையெல்லாம் கேட்கிறேன்.

அக்கா


ஏற்காடு,
3 டிசம்பர் 2023

அக்கா,

மே மாதம் வரைக்கும் என்று எழுதியிருக்கிறாய். மே மாதம் உனக்கு என்ன? எனக்குத்தான் மே மாதம். இருபத்தைந்தாம் தேதி எனக்கு வார்த்தைப்பாடு.

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். மூன்று வருஷம் முன்னால் நான் மடத்துக்குக் கிளம்பிய நாளிலிருந்துதானே உன் செருப்பின் வார் அறுந்து கிடக்கிறது? எனக்காகத்தானே நேர்ந்துகொண்டாய்? நான் கம்பளிச் சாக்ஸ் போட்டு நடப்பதற்காக நீ கருவேல முள்ளில் வெறுங்காலோடு நடந்தாயா? யார் கேட்டார்கள் உன்னிடம்? எனக்குக் கோபம் வருகிறது. உன் காலைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும்போலவும் இருக்கிறது.

மதரிடம் சொன்னேன். அவர் சொன்னது: நேர்ச்சையை மாற்றிக் கொடுக்கப் பங்குச் சாமியாருக்கு அதிகாரம் இருக்கிறது, கேட்பதில் பாவம் இல்லை. அது மதர் சொன்னது. நான் சொல்வது வேறு. கிறிஸ்துமஸுக்குள் நீ மதுரையில் போய்ச் சேரவில்லை என்றால் நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவேன். வந்தால் திரும்பிப் போகமாட்டேன். நீ எதற்காக நேர்ந்தாயோ அது நடக்காது. உன் காலும் போய், என் மடமும் போய், அந்தோணியாருக்கு ஒன்றும் மிஞ்சாது.

விளையாட்டுக்கு எழுதவில்லை.

ஸ்டெல்லா


மதுரை,
5 ஜனவரி 2024

என் கண்ணே ஸ்டெல்லா,

பெட்டியை அவிழ்த்து வை. நான் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன்.

இனி எதையும் மறைக்கவில்லை. நீ மடத்துக்குப் போன அன்று கோவில் வாசலில் நம் சொந்தக்காரர்களே, "ஆறு மாசத்துல பெட்டியத் தூக்கிட்டு ஓடி வந்துருவா, பாரு" என்று சிரித்தார்கள். என்னால் தாங்க முடியவில்லை. நேரே அந்தோணியார் குருசடிக்குப் போனேன். செருப்பைக் கழற்றி அங்கேயே வைத்தேன். "அவ வார்த்தைப்பாடு குடுக்குற வரைக்கும் நான் செருப்பு போடமாட்டேன், அவளத் திரும்ப அனுப்பிராதீரும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். பணம் காசு கொடுத்து நேர என்னிடம் என்ன இருக்கிறது? கால்தான் இருந்தது.

உன் கடிதம் வந்ததும் உன் அத்தான் என்னை வண்டியில் ஏற்றிப் பங்குச் சாமியாரிடம் கூட்டிப் போனார். சாமி குனிந்து என் காலைப் பார்த்தார். அப்புறம், "நான் மாத்தித் தாரேன் இன்பராணி. இனிமே வெறுங்கால மண்ணுல வைக்கிறதில்லைன்னு நேர்ந்துக்க. பழைய நேர்ச்சைய விட இது கஷ்டம். சாகிற வரைக்கும்" என்றார். வாசலில் வைத்து உன் அத்தான் செருப்பைப் போட்டுவிட்டார். அன்று நான் தொட மறுத்த ஜோடியை வண்டி சீட்டுக்கு அடியில் ஆறு மாதமாக வைத்திருந்தாராம். நீல நிறம். நான் உனக்கு எழுதிய பொய்யைப் படித்துவிட்டு அதே நிறத்தில் வாங்கியிருக்கிறார்.

இங்கே டாக்டரம்மா, "எங்கம்மா இருந்தீங்க இவ்வளவு நாளா?" என்று கேட்டார். திருச்சுழியில் என்றேன். மடியிலிருந்த தீப்பெட்டியைக் கொடுத்தேன். திறந்து பார்த்துவிட்டுப் படிக்கிற பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் பிள்ளை மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கால் இருக்கும், ஸ்டெல்லா. சுண்டுவிரல் எலும்பை மட்டும் அரித்துவிட்டதாம், அந்த விரலை எடுத்துவிட்டார்கள். ஊசியும் மாத்திரையும் இன்னும் பல மாதம் உண்டு. ஒரு விரலோடு போயிற்று என்று அந்தோணியாருக்கு நன்றி சொன்னேன். பிறகு சோலையம்மாள் அக்காவின் ஞாபகம் வந்துவிட்டது. அவருக்கு இதையெல்லாம் சொல்ல ஒரு ஆள் இல்லை. அன்றைக்கு ராத்திரி அவருக்காகத்தான் அழுதேன்.

அக்கா
இன்பராணி


திருச்சுழி,
14 ஏப்ரல் 2024

அன்புள்ள தங்கைக்கு,

சுகம். இந்தத் தடவை நிஜமாகவே சுகம். ஓட்டைகள் நான்கு மூடிவிட்டன. வீக்கம் பாதி வற்றிவிட்டது. மெர்சி புதுப் படம் வரைந்திருக்கிறாள், இரண்டு காலும் ஏறக்குறைய ஒரே அளவு. நான்கு விரலை எண்ணிப் போட்டிருக்கிறாள், கவனித்துப் பார்.

டாக்டரம்மா நோயின் பெயர் எழுதிக் கொடுத்த சீட்டைக் கஸ்தூரி நர்ஸிடம் காட்டினேன். "எனக்கே இது தெரியாம முள்ள மட்டும் எடுத்துட்டேனே" என்று அது கண் கலங்கியது. மறுநாளே மூட்டத்துக்கு வந்து எல்லோர் காலையும் கழுவிப் பார்த்தது. இரண்டு பேருக்குச் சந்தேகம். ஒருத்திக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள், யாருக்கும் சொல்லக் கூடாது என்று அழுதாள். உன் அத்தான் கரி லோடோடு லோடாக இருவரையும் மதுரைக்குக் கூட்டிப் போய்க் காட்டி வந்தார். ஆரம்பம்தானாம்.

மருதுபாண்டி அண்ணனிடம் எல்லோருக்கும் கனத்த செருப்பு கேட்டேன். "சூட்டுல ரப்பரு இளகிரும்மா, அதோட எந்தக் காலத்துல செருப்பு போட்டு மூட்டம் போட்டாக?" என்றார். சோலையம்மாள் அக்கா கரி சலிப்பதை நிறுத்திவிட்டுக் கட்டையால் தரையில் ஒரு தட்டு தட்டினார். மறு வாரம் ஆறு ஜோடி வந்தது. மீதி ஐந்து பேருக்கு இன்னும் வரவில்லை. நான் விடப்போவதில்லை.

இப்போது ஒரு சங்கடம். மே 25 அன்று நாங்கள் மூவரும் வருகிறோம். உங்கள் கோவில் வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தானே உள்ளே போவார்கள்? டாக்டரம்மா செருப்பு இல்லாமல் ஓர் அடி எடுத்து வைக்கக் கூடாது என்கிறார். நேர்ச்சையும் இருக்கிறது. பெரிய பெரிய சிஸ்டர்கள் நடுவில் நான் மட்டும் செருப்போடு வந்தால் உனக்குத்தான் தலைகுனிவு. நான் வாசலிலேயே நின்று பார்த்துக்கொள்கிறேன். அங்கிருந்தும் தெரியும்.

அக்கா


ஏற்காடு,
5 மே 2024

என் அன்பு அக்காவுக்கு,

சுகம். போன் கைக்கு வருவதற்கு முன் நான் எழுதும் கடைசிக் கடிதம் இது. மெர்சியின் புதுப் படத்தைப் பழைய படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். பழையதைக் கிழிக்கமாட்டேன்.

உன் சங்கடத்தை மதரிடம் படித்துக் காட்டினேன். அவர் எழுந்துபோய்க் கோவிலில் முதல் வரிசையில் ஓர் இடத்தில் உன் பெயரை எழுதி ஒட்டிவிட்டு வந்தார். வாசலில் நிற்பதைப் பற்றி அதற்கு மேல் பேச்சில்லை.

அன்றைக்கு என்ன நடக்கும் என்று சொல்கிறேன். நாங்கள் ஏழு பேர் வெறுங்காலோடு நடந்துபோய், பீடத்துக்கு முன்னால் தரையில் முகங்குப்புறப் படுத்துக்கொள்வோம். மன்றாட்டு முடியும் வரை தலை தூக்கக் கூடாது. யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை என்று எனக்கு எதுவும் தெரியாது. எனக்கு முன்னால் போனவர்கள் எல்லோரும் அந்த நேரத்தில் பயமாக இருந்தது என்கிறார்கள். எனக்கும் பயம்தான்.

அதனால் நீ கொஞ்சம் தாமதமாக வா. எல்லோரும் உட்கார்ந்து, நாங்கள் தரையில் படுத்துக்கொண்ட பிறகு வா. வாசலில் கழற்றாதே. அந்த நீலச் செருப்போடு நடுவழியில் நடந்து முதல் வரிசைக்கு வா. சத்தம் வராமல் மெதுவாக நடக்க வேண்டும் என்று நினைக்காதே. நன்றாகக் காலை ஊன்றி நட. என் காது தரையில்தான் இருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்ட தைரியத்தில் எழுந்து நான் வார்த்தைப்பாடு கொடுத்துவிடுவேன்.

உன்
ஸ்டெல்லா